வசந்தாவுக்குக் காப்பி பிடிக்காது

புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்க டிரெய்னிங்ல என்னையும் பத்து நிமிசம் பேசச் சொன்னாங்க. எனக்கு நாலு பேருக்கு முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கிடும். போன தடவை மைக்கைக் கையில குடுத்தாங்க. அதைப் பத்திரமா வாங்கி மேசையில வச்சிட்டு வந்து உக்காந்துட்டேன். அதனால இந்தத் தடவை எழுதிக் குடுத்திடுறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான். தப்பு இருந்தா நீங்களே திருத்தி வாசிச்சுக்கிடுங்க.

மாத்திரை குடுக்கிறது, வலிப்பு வந்தா பாத்துக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாங்க. எனக்கு ஒரே ஒரு விசயம்தான் சொல்லணும். ஒருத்தர்கிட்ட உனக்கு என்ன வேணும்னு எப்படிக் கேக்கிறதுங்கிறது. இதுல என்ன இருக்குன்னு தோணும். எனக்கு இது விளங்க பதினோரு வருசம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு செம்பருத்திச் செடி பாழாப் போச்சு.

நம்ம ராஜபாளையம் இல்லத்துக்கு வசந்தா வந்தப்ப அவளுக்கு இருபத்திமூணு வயசு. சேத்தூர்க்காரி. பொறந்ததுல இருந்தே புத்தி வளர்ச்சி மெதுவு. அப்பா அம்மா அடுத்தடுத்துத் தவறிட்டாங்க, அண்ணன் பட்டாளத்துல இருந்தாரு, அதனால இங்க கொண்டாந்து விட்டாரு. வரும்போது அவ கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டுல 'வசந்தா'ன்னு பேரு வெட்டியிருக்கும். அந்தத் தட்டுல தவிர வேற எதுலயும் சாப்பிட மாட்டா. வேற தட்டுல போட்டா, யாரோ பக்கத்து வீட்டுச் சாப்பாடுங்கிற மாதிரி மரியாதையாத் தள்ளி வச்சிருவா.

வேலையில கெட்டிக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணியை நாலா மடிச்சு, இருபது இருபதாக் கட்டுற வேலை நம்ம இல்லத்துல நடக்குதில்லையா, அதுல அவளை யாரும் பிடிக்க முடியாது. இருபது வரைக்கும் எண்ணத் தெரியும். இருபத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்குன்னே அவ ஒத்துக்க மாட்டா.

தினமும் காலையில நான் எல்லார்கிட்டயும் கேப்பேன்.

"வசந்தா, டீயா காப்பியா?"

"காப்பி."

குடுப்பேன். பாதி குடிப்பா, மீதியை வாசல் செம்பருத்திக்கு ஊத்துவா. தினமும். எங்க சமையல் பேச்சியம்மா இதைப் பாத்துட்டு, "செடிக்கும் பங்கு குடுக்கா பாரேன், என்ன பாசம்" அப்படிம்பா. அம்புட்டுக் காப்பி குடிச்ச செடி எப்படி இருக்கும்? ஒரு பூ பூக்கல. பேச்சியம்மா சொல்லுவா, "அதுக்குத் தூக்கம் வந்தாத்தானட்டி பூக்கும்."

மாசம் ஒருக்கா மதுரையில இருந்து ஒரு டீச்சர் வருவாங்க. ஒல்லியா இருப்பாங்க, அதட்டிப் பேசமாட்டாங்க. ஒரு நாள் நான் காப்பி குடுக்கிறதை வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு, "எக்கா, ஒருவாட்டி மாத்திக் கேளுங்களேன்" அப்படின்னாங்க.

"வசந்தா, காப்பியா டீயா?"

"டீ."

எனக்குத் திக்குன்னு ஆச்சு. பேச்சியம்மாவால சும்மா இருக்க முடியல. கரண்டியோட வெளிய வந்து, "வசந்தா, டீயா, காப்பியா, மண்ணெண்ணெயா?"ன்னு கேட்டா.

"மண்ணெண்ணெய்" அப்படின்னா வசந்தா, ரொம்ப அமைதியா.

பிள்ளைகளா, நாம கடைசியா எதைச் சொல்லுறமோ அதைத்தான் அவ திருப்பிச் சொல்லியிருக்கா. பதினோரு வருசமா. நான் கேள்வியோட வாலுல காப்பியை வச்சேன், அவ வாலைப் பிடிச்சா. நாம மட்டும் மாத்திக் கேட்டிருந்தா அந்தச் செடி டீ குடிச்சிருக்கும்.

டீச்சர் சிரிக்கல. ரெண்டு டம்ளரைப் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொன்னாங்க. "வாயால கேக்காதீங்க. கையால காட்டுங்க. காட்டிட்டு இருபது வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க. அதுவரைக்கும் எதுவும் பேசாதீங்க."

எண்ணுறது எனக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லி முடியாது. எனக்கு என்ன வழக்கம்னா, ஒருத்தர் பதில் சொல்லாம நின்னா எனக்கே கூச்சமாப் போயிடும், அவங்களுக்கும் சேத்து நானே பதில் சொல்லிருவேன். என்கிட்ட யாராச்சும் கேட்டாலும், "எதுனாலும் சரி"ன்னுதான் வரும். அன்னைக்கு எண்ணுறேன், ஏழு, எட்டு... உதடு அசைஞ்சு, அப்புறம் சத்தமே வந்திருச்சு. வசந்தா அதைக் கேட்டுட்டு, ஏதோ கட்டு கட்டுறோம்னு நினைச்சு அவளும் சேந்து எண்ணினா. இருபதுல நிப்பாட்டி, ரெண்டு டம்ளரையும் பாத்தா. அப்புறம் நேரா அடுப்படிக்குள்ள போயி, பேச்சியம்மா தனக்குன்னு எடுத்து வச்சிருந்த நீராகாரத்தை, அந்தப் பழைய சோத்துத் தண்ணியை, செம்போட தூக்கிக் குடிச்சிட்டா.

பேச்சியம்மாவுக்கு வந்த கோபம் இருக்கே. "டீயும் வேண்டாமாம், காப்பியும் வேண்டாமாம், என் வயித்துக்குன்னு வச்சிருக்கிறதுதான் வேணுமாம்."

இதோட முடிஞ்சிருந்தா இது சிரிச்சிட்டுப் போற கதை. அடுத்த வருசமே இது பெரிய விசயமா வந்து நின்னுச்சு.

வசந்தாவோட அண்ணன் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி சேத்தூருக்கு வந்துட்டாரு. நல்ல மனுசன். பேசினா மட்டும் மைதானத்துல நிக்கிற ஆளுகளுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். வந்தவுடனே சொன்னாரு: "என் தங்கச்சி இனிமே வீட்டுல இருப்பா. நான் சாகுற வரைக்கும் ஒரு வேலை செய்ய விடமாட்டேன்."

நம்ம இல்லத்துல என்ன சொன்னாங்கன்னா, அவளுக்கு வயசு முப்பத்தஞ்சு ஆகுது, எங்க இருக்கணும்னு அவதான் சொல்லணும், கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்து அவகிட்டயே கேட்டு எழுதிக்கிடுவாங்க. அவ சொல்லத் தெரியாதவன்னு எழுதிட்டாங்கன்னா, அண்ணன்தான் எல்லாத்துக்கும் கார்டியன். அப்புறம் வசந்தா என்ன உடுத்தணும்கிறதுல இருந்து எங்க படுக்கணும்கிற வரைக்கும் அவரு சொல்றதுதான்.

இப்ப என் தப்பைச் சொல்லுறேன். எனக்கு வசந்தா போறதுல இஷ்டம் இல்ல. அவ நல்லதுக்குன்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆனா உள்ளதைச் சொன்னா, அவ இல்லாம காலையில யாரோட சேந்து நான் எண்ணுவேன்? அதனால ஒரு திட்டம் போட்டேன். ஆபீசர் அம்மாவை முன்னாடியே போய்ப் பாத்து, "அண்ணன் வீடா, இங்கயா"ன்னு கேளுங்க, 'இங்க'ங்கிறது கடைசியா வரட்டும்னு காதுல போட்டு வச்சிரலாம்னு. எம்புட்டுத் திருட்டுத்தனம் பாருங்க.

அவங்க அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிறதாக் கேள்விப்பட்டு, லீவு போட்டுட்டு பஸ் ஏறினேன். வெறுங்கையோட போகக் கூச்சமா இருந்துச்சு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கிட்டேன். ஆபீஸ் பெஞ்சுல உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். பியூன் வந்து, "என்ன விசயமா வந்திய?"ன்னு கேட்டாரு.

"சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா, காத்தாட."

அவரு ஃபேனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, போயிட்டாரு. செத்த நேரத்துல ஆபீசர் அம்மாவே வெளிய வந்து என் முன்னாலயே நடந்து போனாங்க. நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். அவங்களும் கும்பிட்டாங்க. அம்புட்டுதான். திரும்பி பஸ் ஏறி வந்துட்டேன். பால்கோவாவை வசந்தா தின்னுட்டா. அதை அவகிட்ட வேணுமா வேண்டாமான்னு கேக்க வேண்டிய அவசியமே வரல.

மறுவாரம் ஆபீசர் அம்மா வந்தாங்க. ஹால்ல நாங்க எல்லாரும். பட்டாளத்தார் சட்டை இஸ்திரி போட்டு நெஞ்சை நிமித்தி உக்காந்திருந்தாரு, பக்கத்துல அவரு சம்சாரம். ஆபீசர் அம்மா அன்பாத்தான் கேட்டாங்க.

"வசந்தா, நீ இங்கயே இருக்கியா, அண்ணன் வீட்டுக்குப் போறியா?"

"போறேன்."

பட்டாளத்தார் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. ஆபீசர் அம்மா பேனாவைத் திறந்தாங்க. எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல, எந்திரிச்சிட்டேன். நாலு பேரு இல்ல, பதினஞ்சு பேரு இருந்தாங்க.

"அம்மா, மாத்திக் கேளுங்க."

"எதை மாத்தி?"

"வால... வாலை மாத்தி."

ஆபீசர் அம்மாவுக்கு விளங்கல. பேச்சியம்மா வாசல்ல நின்னு எடுத்துக் குடுத்தா, "அண்ணன் வீட்டை முன்னால சொல்லச் சொல்லுதா அம்மா."

"சரி. வசந்தா, அண்ணன் வீட்டுக்குப் போறியா, இங்க இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னம்மா விளையாட்டு இது?" அப்படின்னு பட்டாளத்தார் எந்திரிச்சாரு.

அதோட விட்டிருக்கலாம். பேச்சியம்மா விட்டாத்தான. "டெல்லியைச் சேத்துக் கேளுங்கம்மா."

ஆபீசர் அம்மாவும் கேட்டாங்க. "இங்கயா, அண்ணன் வீடா, டெல்லியா?"

"டெல்லி."

எல்லாரும் சிரிச்சோம். வசந்தாவும் சிரிச்சா. ஆபீசர் அம்மா மட்டும் சிரிக்கல. "பாவம், இவங்களுக்குச் சொல்லத் தெரியல. அப்படியே எழுதிடுறேன். அண்ணனே பாத்துக்கட்டும்" அப்படின்னாங்க.

என் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. நான் கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு எந்திரிச்சு, அவ பேச்சுக்கு மதிப்பே இல்லாமப் பண்ணிட்டேன். பிள்ளைகளா, ஒண்ணை நல்லா வச்சுக்கிடுங்க. வாயால சொல்லத் தெரியாதுங்கிறதும் மனசுல ஒண்ணும் இல்லைங்கிறதும் ஒண்ணு இல்ல. அன்னைக்கு அதை இப்படி அழகா எனக்குச் சொல்ல வரல. நான் சொன்னது இதுதான்:

"அம்மா, அவளுக்குக் காப்பி பிடிக்காது."

ஆபீசர் அம்மா என்னை உத்துப் பாத்தாங்க. அன்னைக்கு மதுரை டீச்சர் இருந்தது என் நல்ல நேரம். அவங்க எந்திரிச்சு அந்தப் பதினோரு வருசக் கதையைச் சொல்லி, "ரெண்டு டம்ளரையும் பக்கத்துல வச்சாத்தான் தெரியும். இங்க இருந்து பாத்துட்டா. அங்க ஒரு வாரம் இருந்து பாக்கட்டும்" அப்படின்னாங்க. ஆபீசர் அம்மா பேனாவை மூடிட்டு, அடுத்த மாசம் வாரேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நானும் கூட சேத்தூர் போனேன். டீச்சர் எனக்குப் போட்ட உத்தரவு: வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது ரொம்பச் சுலபம்.

பட்டாளத்தார் சம்சாரத்தை மாதிரி ஒரு மதினி யாருக்கும் வாய்க்காது. காலையில எந்திரிச்சதும் செம்பு நிறைய நீராகாரம். "நீ உக்காரு தாயி, நீ ஒண்ணும் செய்யக் கூடாது." வசந்தா உக்காந்தா. ஒரு மணி நேரம் உக்காந்தா. அப்புறம் மடிக்க ஆரம்பிச்சா. துண்டை மடிச்சா. பட்டாளத்தார் வாசிக்கிறதுக்கு முன்னாலயே பேப்பரை நாலா மடிச்சா. கொல்லையில அறுத்து வச்சிருந்த வாழையிலையை நாலா மடிச்சா. பக்கத்து வீட்டுக் கொடியில கிடந்த வேட்டியை எடுத்து, உள்ளங்கை அளவுக்கு மடிச்சு, நூல் போட்டுக் கட்டி, அவங்க வாசல்லயே வச்சிட்டு வந்தா. அந்த வீட்டுக்காரர் அதை யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு நினைச்சுக் கிட்ட வரல. மூணாம் நாள் பட்டாளத்தாரோட பென்சன் காகிதமெல்லாம் இருபது இருபதாக் கட்டி ரெடியா இருந்துச்சு.

சாயங்காலமானா மட்டும் அவ வேற ஆளு. அங்க ஒரு கன்னுக்குட்டி. அது அவ கையை நக்கும், அவ அதுகிட்ட என்னமோ பேசுவா. வால் பிடிச்ச பேச்சு இல்ல, அவளே முதல்ல ஆரம்பிக்கிற பேச்சு. எனக்குக் கேக்கிற தூரத்துல பேச மாட்டா.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட்டா, தட்டைக் கழுவினா. தினமும் திரும்ப மஞ்சப்பைக்குள்ள வைக்கிறவ, அன்னைக்கு மதினியோட தட்டுகளுக்குப் பக்கத்துல, அலமாரியில வச்சா. பேரு வெளிய தெரியிற மாதிரி நிமித்தி வச்சா. மதினி என்னைப் பாத்தா. எனக்கு வாயைத் திறக்கக் கூடாதுல்ல, தலையை மட்டும் ஆட்டினேன்.  சரி, முடிஞ்சுபோச்சு, அவளுக்கு இந்த வீடுதான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு வாரம் முடிஞ்சு இல்லத்துக்கு பஸ் ஏறினோம். தட்டு அலமாரியிலயே இருந்துச்சு. அவ எடுக்கல. மத்தியானம் நம்ம இல்லத்துல மணி அடிச்சதும் நான் பதறிட்டேன், எதுல சாப்பிடுவா? அவ பையைத் திறந்து ஒரு டிபன் பாக்ஸை வெளிய எடுத்தா. அவளுக்குப் புளிசாதம் பிடிக்கும்னு மதினி வழிக்குக் கட்டிக் குடுத்தது. மில்லுக்குப் போற பொம்பளைங்க எப்படி உக்காந்து மூடியைத் திறப்பாங்களோ, அப்படியே காலை நீட்டி உக்காந்து திறந்து சாப்பிட்டா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் துணி மடிச்சா. அஞ்சு மணிக்கு டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில போட்டுக்கிட்டு கேட்டுப் பக்கம் போயி நின்னா.

"ஏட்டி, எங்க போற?"

"பஸ்."

நான் பஸ்ஸுன்னு சொல்லவே இல்ல. யாரும் சொல்லல. அந்தச் சொல்லை அவ எந்த வாலுலயும் பிடிக்கல.

டீயும் இல்ல, காப்பியும் இல்ல. நாங்க இங்கயா அங்கயான்னு ரெண்டே டம்ளரை வச்சுக்கிட்டுச் சண்டை போட்டிருக்கோம். சேத்தூர்ல பாதி சனம் காலையில பஸ் ஏறி வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகுது. அவளும் சேத்தூர்க்காரிதான. நான் திட்டம் போட்ட மாதிரி நடந்திருந்தா கன்னுக்குட்டி இருந்திருக்காது. அண்ணன் திட்டம் நடந்திருந்தா துணி இருந்திருக்காது. ரெண்டு பேரும் அவ மேல பாசமாத்தான் இருந்தோம்.

ஆபீசர் அம்மா திரும்ப வந்தன்னைக்கு யாரும் கேள்வி கேக்கல. மேசை மேல டீச்சர் ரெண்டு போட்டோவை வச்சாங்க. ஒண்ணு நம்ம ஹால், ஒண்ணு சேத்தூர் வீடு. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். அஞ்சு, ஆறு. பட்டாளத்தார் எதையோ சொல்ல வாயெடுத்தாரு, மதினி அவரு தொடையில ஒரு கிள்ளு கிள்ளினா. பதினொண்ணு. பன்னண்டு. வசந்தா ரெண்டு போட்டோவையும் கையில எடுத்துப் பாத்தா, திரும்ப வச்சா. பதினாறு. ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டு ஒரு பொட்டுக் காகிதத்தை எடுத்தா. நாலா மடிச்சிருந்துச்சு. பஸ் டிக்கெட். அதை ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல வச்சா.

ஆபீசர் அம்மா அதை விரிச்சுப் பாத்துட்டு, மடிப்பு மாறாம அதே மாதிரி மடிச்சு அங்கயே வச்சாங்க. அப்புறம் எழுதினாங்க.

"பஸ்ஸுல தனியா எப்படிம்மா?" அப்படின்னு பட்டாளத்தார் கேட்டாரு. அது நியாயமான பயம்தான். அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. கொஞ்ச நாள் அவ பக்கத்துல உக்காந்து போனேன், பொறவு பின் சீட்டுல, பொறவு அவளைத் தனியா ஏத்திவிட்டுட்டு அடுத்த பஸ்ஸுல. அப்படி அடுத்த பஸ்ஸுல வந்த முதல் நாள், பதட்டத்துல கண்ணசந்து போயி, கண்டக்டர் எழுப்பினப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தேன். நான் திரும்பி ராஜபாளையம் வந்து சேந்தப்ப வசந்தா ரெண்டாவது கட்டுல இருந்தா. "எக்கா லேட்டு" அப்படின்னா. இதுவும் அவளே சொன்னது.

நான் வேலையில இருந்து நின்ன அன்னைக்கு நம்ம ஹால்ல எல்லாரும் உக்காந்திருந்தாங்க. மாலை போட்டாங்க, எனக்குத் தலையே நிமிரல. வசந்தா வந்து முன்னால நின்னா.

"எக்கா. டீயா காப்பியா?"

"எதுனாலும் சரிட்டி."

அவ போகல. நின்னா. சத்தமா எண்ண ஆரம்பிச்சா. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." மத்த பிள்ளைகளும் சேந்துக்கிட்டாங்க. ஹாலே எண்ணுது. எனக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. அறுபத்திரண்டு வருசத்துல என்கிட்ட ஒருத்தரும் இப்படி நின்னு கேட்டதில்ல, எனக்கும் அந்தப் பதிலைத் தேடிப் பாக்கிற வேலை வந்ததில்ல. பன்னண்டு, பதிமூணு. டீன்னு சொல்ல வாயெடுத்தேன், அது நெஜம் இல்ல. பதினேழு. பதினெட்டு.

"பன்னீர் சோடா" அப்படின்னேன்.

பேச்சியம்மா சிரிச்ச சிரிப்புல அடுப்படியில பாத்திரம் உருண்டுச்சு. வசந்தா சிரிக்கல. கேட்டைத் திறந்து, ரெண்டு பக்கமும் பாத்து, ரோட்டைத் தாண்டி, எதுத்த கடையில போயி நின்னா. நான் ஜன்னல்ல நின்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபதைத் தாண்டிப் போயிட்டேன். பாட்டிலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா. நல்ல சில்லுன்னு இருந்துச்சு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன். செம்பருத்திக்கு ஒண்ணும் இல்ல.